வெள்ளி மூக்கு, கறுப்பு மூக்கு

"பாம்ம்ம்ம்!"

ஹாரன் சத்தத்துக்கு அவள் திரும்புவதற்குள், ஒரு வாளித் தண்ணீர் சேறும் சகதியுமாக அவள் மேல் வந்து விழுந்தது. கையிலிருந்த குடை பறந்துபோய்த் தலைகீழாகக் கவிழ்ந்து, நடுத்தெருவில் மழையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. பின்னால் வந்த பஸ் அதன் மேல் ஏறிப் போனது. குடையின் கதை அத்தோடு முடிந்தது.

"ஏங்க! கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு?"

சரிவான அந்தத் தெருவில் ஒரு சின்னக் கார் அவளை ஒட்டியே மெல்ல உருண்டு வந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கும் வண்டி. பாலேட்டு நிறம், பளபளக்கும் வெள்ளி பம்பர். ஜன்னல் வழியாக ஒரு தலை வெளியே வந்தது.

"சாரிங்க... பள்ளம் இருந்தது தெரியல!"

"பள்ளம்தான் தெரியல. அதுல நின்ன ஆளுமா தெரியல?"

"ஆள் தெரிஞ்சுது. அதனாலதான் பள்ளம் தெரியல..."

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே அடித்துக்கொள்பவன் போல அவன் விழித்தான். இமைகளில் மழைத்துளி. அதற்குக் கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள். திட்டுவதற்காக நாலைந்து சொற்களைச் சேர்த்துக்கொண்டு அவள் வாயைத் திறந்தாள்.

பின்னால் இன்னொரு பஸ் அலறியது. அவன் அவசரமாக ஒரு குடையை எடுத்து அவள் கையில் திணித்தான். கியர் கம்பியைத் தள்ளி முதல் கியரைப் போட்டான். வண்டி நழுவிப் போய்விட்டது.

அவள் மட்டும் அதே பள்ளத்தில் நின்றாள். சேற்றுக்காக அல்ல. அந்தக் கியருக்காக!

சொன்னால் சிரிப்பீர்கள். அவளுடைய வேலை அப்படி. பழைய கார்கள் வைத்திருப்பவர்களின் கிளப்பில் அவள் ஆய்வாளர். எந்த வண்டி அசல், எந்த வண்டி வேஷம் என்று டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவள். முகதாட்சண்யம் பார்க்க மாட்டாள். அதனாலேயே 'ஜட்ஜம்மா' என்று பெயர்.

சற்று முன் போனது எம்.ஜி.பி. என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஆரம்ப வருடங்களில் வந்த வண்டிகளுக்கு வெள்ளி பம்பர். கிளப்பில் செல்லமாக 'வெள்ளி மூக்கு' என்பார்கள். ஒரு பன்னிரண்டு வருடம் கழித்து வந்தவற்றில் கனமான கறுப்பு ரப்பர் பம்பர். அவை 'கறுப்பு மூக்கு'. ஆரம்பத்து வெள்ளி மூக்கில் முதல் கியருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வண்டி முழுதாக நின்றால்தான் அது சத்தம் போடாமல் விழும். ஓடும்போது போட்டால் 'கர்ர்ர்ர்' என்று ஊரைக் கூட்டும். கத்தாமல் போடவேண்டுமென்றால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். அவளுக்குத் தெரிந்து அதைத் தவறாமல் செய்கிறவர்கள் இரண்டே பேர். ஒன்று அவளுடைய அப்பா. இன்னொன்று அவள்.

இவனோ உருளும் வண்டியில், கொட்டும் மழையில், ஒரு கண் அவள் மேலும் ஒரு கண் பஸ் மேலும் இருக்க... முனகல்கூட இல்லாமல் போட்டுவிட்டுப் போகிறான்!

'கை இல்ல அது... வெண்ணெய்!' என்று அவள் மனம் சொன்னது. ஆக்சிலேட்டரைத் தட்டிய சத்தம் கேட்கவில்லையே என்று மூளை இழுத்தது. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது, சும்மா இரு என்று மனம் மூளையை அடக்கியது.

அழகான கண்களுக்கு மயங்காதவள், அழகான கியருக்கு விழுந்துவிட்டாள்.

●

குடையின் மேல் ஒரு பல் மருத்துவமனையின் விலாசம் அச்சிட்டிருந்தது. மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கொடுத்துவிட்டு உடனே வந்திருக்கலாம். "நன்றிங்க" என்று அவள் சிரித்ததுதான் தப்பு.

"அந்தக் கடைவாய்ப் பல் எத்தனை நாளா வலிக்குது?" என்றான் வெள்ளைக் கோட்டு போட்ட அந்த வெண்ணெய்க் கை.

"வலிக்கவே இல்லையே..."

"பொய். இடது பக்கம் சிரிப்பு பாதியிலயே நிக்குது."

அவள் சொன்னதை யாரும் அதுவரை பொய் என்று சொன்னதில்லை. கோபித்துக்கொள்ள நேரம் கொடுக்காமல் நாற்காலியில் சாய்த்துவிட்டான். மேலே பார்த்தாள். படுத்திருக்கும் நோயாளியின் கண்ணுக்கு நேராக, கூரையில் ஒரு பெரிய படம். அதே பாலேட்டு நிறக் கார்!

"சூப்பரா இருக்கில்ல? காலேஜ் படிக்கிறப்பவே கனவு. போன வருஷம்தான் கிடைச்சுது. அசல் வெள்ளி மூக்கு. பயப்படுற ஆளுங்க இதைப் பாத்துட்டே படுத்தா வலி தெரியாது... வாயை நல்லா திறங்க."

"ஆ..."

"பின்னால வந்த கறுப்பு மூக்கு பாத்திருக்கீங்களா? அதெல்லாம் ஒரு வண்டியாங்க? லாரிக்கு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி!"

"ஆ...ஆஆ!" என்று அவள் கத்தினாள்.

"வலிக்குதா?"

தலையை வேகமாக ஆட்டினாள். வாய் நிறையப் பஞ்சு. மனம் நிறைய பதில். கறுப்பு மூக்கின் எஞ்சின் இன்னும் உறுதி, அதன் கியர்கள் ஒன்றும் சண்டை போடாது, உயரம் ஒன்றரை அங்குலம் கூடியதற்குச் சட்டம்தான் காரணம்... ஒன்றையும் சொல்ல வழியில்லை. மேஜையிலிருந்த மருந்துச் சீட்டை இழுத்து எழுதினாள்: 'லாரி என்று சொன்னதை வாபஸ் வாங்குங்கள்.'

அவன் படித்தான். அந்தக் கண்கள் பெரிதாயின. "நீங்க... வண்டி ஆளா?"

பஞ்சை எடுத்த பிறகு அரைமணி நேரம் பேசினார்கள். பாதி வாய் மரத்துப் போயிருந்ததால் அவள் பேசியது பாதி அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டிக்கொண்டே கேட்டான். கிளம்பும்போது சொன்னான்:

"ஞாயித்துக்கிழமை என் வண்டியை கிளப்புக்குக் கொண்டு வர்றேன். ஆண்டுவிழா அணிவகுப்புல முதல் வரிசை எனக்குத்தானாம். யாரோ ஜட்ஜம்மான்னு ஒருத்தங்க பாத்து கையெழுத்து போடணுமாம். ரொம்பக் கறாராமே... உங்களுக்குத் தெரியுமா?"

"கேழ்விப்பட்டிழுக்கேன்," என்றாள் மரத்த நாக்கோடு.

●

ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் ஷெட்டில் டார்ச்சோடு வந்து நின்றவளைப் பார்த்ததும், அவன் வாய் தானாகத் திறந்தது.

"இப்ப நீங்க சொல்லுங்க 'ஆ'!" என்றாள் அவள்.

கிளப் செயலாளர் கழுத்து 'டை'யை நீவிக்கொண்டே குறுக்கே வந்தார். "சட்டுபுட்டுனு முடிச்சுடும்மா. அழைப்பிதழ் அட்டையில டாக்டரோட வண்டிப் படம்தான். அச்சுக்கே போயாச்சு."

அவள் சந்தோஷமாகத்தான் வண்டிக்குள் தலையை விட்டாள். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் தூக்கினாள்.

ஆரம்ப வண்டிகளில் அங்கே இரண்டு சின்ன பேட்டரிகள் இருக்க வேண்டும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இதில் ஒரே ஒரு பெரிய பேட்டரி. மறுபக்கம் இன்னொரு பேட்டரிக்கான இடமே இல்லை.



கியர்பெட்டியை மூடியிருக்கும் மேட்டை அளந்தாள். அகலம் அதிகம். எல்லாக் கியரும் சமாதானமாக விழும் பிற்காலப் பெட்டிக்கு மட்டுமே அந்த அகலம் வேண்டும். ஆக, வெண்ணெய் டாக்டரின் கையில் இல்லை... பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அதைப் பார்த்தா மூன்று நாளாகத் தூக்கத்தில் சிரித்தோம்? ஆய்வாளராம் ஆய்வாளர்!

வெட்கத்தோடு முன்பக்கம் அடியில் படுத்தாள். வெள்ளி பம்பருக்குப் பின்னால் தகட்டை வெட்டி ஒட்டியிருந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். வேறு யாராக இருந்தாலும் தவறவிட்டிருப்பார்கள். அத்தனை சுத்தமான வேலை. பத்து ஸ்குரூக்கள். பத்தின் தலையிலும் இருந்த கோடுகள், ஒன்றுகூடச் சாயாமல், நெட்டுக்குத்தாக ஒரே வரிசையில் நின்றன.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

ஸ்குரூவை முறுக்கியபின் கோடு நேராக நிற்கவேண்டும் என்று உயிரை விடுகிற ஒரே ஒரு டிங்கரை அவளுக்குத் தெரியும். அவர் வீட்டில்தான் அவள் காலையில் டீ குடித்துவிட்டு வந்திருந்தாள்.

"என்ன ஜட்ஜம்மா, தீர்ப்பு?" வண்டிக்கு மேலிருந்து அவன் குரல். அந்தக் குரலில்தான் எத்தனை நம்பிக்கை!

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள், எழுந்திருக்காமலே.

●

பட்டறையும் வீடும் ஒரே கட்டடம். கீழே பட்டறை, மேலே வீடு. அன்று மாலை அப்பா மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பாலேட்டுக் கலர்ல ஒரு எம்.ஜி.பி. கறுப்பு மூக்கை எடுத்துட்டு வெள்ளி மூக்கு வெச்சது நீங்கதானேப்பா?"

கை ஒரு கணம் நின்றது. பிறகு, மறைக்கவே முடியாத ஒரு பெருமை அவர் முகத்தில் பரவியது. "கண்டுபிடிச்சுட்டியா! பதினெட்டு வருஷமா ஒருத்தன் கண்டுபிடிக்கல. எப்படி?"

"ஸ்குரூ."

"அடடா..."

"ஏம்ப்பா செஞ்சீங்க?"

"அப்ப வெச்சிருந்தவர் ஆசைப்பட்டார். வெளித்தோற்றம் மட்டும் பழசு மாதிரி வேணும்னார். செஞ்சு கொடுத்தேன். இது அசல் இல்லைன்னு சொல்லித்தான் கொடுத்தேன். அதுக்கப்புறம் எவன் எவன்கிட்ட என்ன சொல்லி வித்தானோ... அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?"

"அறிக்கையில 'மாற்றம் செய்தவர்'னு ஒரு இடம் இருக்கு. தெரிஞ்சா எழுதணும்."

அவர் முகம் மாறியது. "பின்னால வந்த வண்டின்னு எழுதிட்டுப் போயேன். என் பேரை எதுக்கு நடுவுல இழுக்கிற? ஜட்ஜம்மாவோட அப்பனே போலி வண்டி பண்றவன்னு நாளைக்கு ஊர் சிரிக்கும்."

"மத்தவங்க செஞ்சிருந்தா எழுதியிருப்பேன்ல?"

அப்பா மாடியேறிப் போனார். தட்டு வைத்த சத்தம் கேட்டது. 'சாப்பிட வா அம்மாடி' என்ற வழக்கமான குரல் மட்டும் கேட்கவில்லை.

இருட்டும்வரை அவள் அந்தப் படிவத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் இருக்கும்: டாக்டரின் கனவு, அப்பாவின் பெயர், செயலாளரின் அட்டைப்படம்... முக்கியமாக அந்தக் கண்களின் சிரிப்பு. போடாவிட்டால்? அந்தக் கண்களை இனிமேல் எந்த உரிமையில் போய்ப் பார்ப்பது? ஆனால் போட்டுவிட்டு மட்டும் எந்த முகத்தோடு பார்ப்பது?

பேனாவை எடுத்தாள். ஒரு இடத்தையும் காலியாக விடவில்லை.

●

"கறுப்பு மூக்கா? என் வண்டியா?"

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். செயலாளர் "ஒரு கையெழுத்துதானேம்மா..." என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் 'டை'யை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

"உள்ள இருக்கறது எல்லாமே பின்னால வந்தது டாக்டர். முகத்தை மட்டும் மாத்தியிருக்காங்க."

"இத்தனை நாள் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" குரல் உயர்ந்தது. "என் வீட்ல, என் க்ளினிக்ல, பாக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் அசல் அசல்னு சொல்லியிருக்கேன். கூரையில படம் மாட்டியிருக்கேன்! நீங்க முதல் நாளே பாத்தீங்கள்ல? அப்பவே சொல்லியிருக்கலாமே. அன்னைக்கு தெருவுல தெரியலையா?"

"தெரிஞ்சிருக்கணும். முதல் கியர் சத்தம் போடல. அது உங்க திறமைன்னு நினைச்சுட்டேன்." அவள் தலை குனியவில்லை. கன்னம் மட்டும் சிவந்தது. "வண்டியைப் பாக்கற இடத்துல ஆளைப் பாத்துட்டேன். அது என் தப்பு."

வேறு நாளாக இருந்தால் அந்தச் சொற்கள் அவனைப் புரட்டிப் போட்டிருக்கும். அன்று காதில் ஏறவில்லை. அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தான். முதல் கியர் விழுந்தது. சத்தமே இல்லாமல் வண்டி போனது. அவளுக்கு அந்தச் சத்தமின்மை 'கர்ர்ர்'ரை விட மோசமாகக் கேட்டது.

●

எட்டாம் நாள், பட்டறை வாசலில் அதே பாலேட்டு நிறம் வந்து நின்றது. அவளுக்குக் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. அப்பா எழுந்து நின்றார், சண்டைக்குத் தயாராகத் தோளை நிமிர்த்திக்கொண்டு.

"சார், இந்த வண்டியைச் செஞ்சது நீங்கதானே?"

"ஆமா தம்பி. அதுக்கு என்ன இப்ப?"

"அவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க. அதை நீங்களே கலைச்சுத் தரணும். மறுபடி கறுப்பு மூக்கு வைக்கணும். உயரம், பம்பர், எல்லாம் அது பொறந்தப்ப இருந்த மாதிரியே."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் அவனைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கோபத்துல அறிக்கையைப் படிக்கவே இல்ல," என்றான், அவளிடம். "நேத்துதான் துவைக்கப் போட்ட சட்டையில இருந்து எடுத்தேன். 'மாற்றம் செய்தவர்: என் தந்தை'னு எழுதியிருந்துது. எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரியவா போகுது? ரெண்டு வீட்டுப் பெருமையில உங்க வீட்டுப் பெருமையைத்தான் முதல்ல விட்டுக் கொடுத்திருக்கீங்க. நான் ஒரு கூரைப் படத்துக்காக மூஞ்சியைத் தூக்கிட்டுப் போனேன்... படத்தைக் கழட்டிட்டேன்."

"நோயாளிங்க என்னத்தைப் பாப்பாங்க?" என்றாள்.

"இப்போதைக்கு ஆணியை."

அப்பா தொண்டையைச் செருமினார். "பம்பர் வெளியூர்ல இருந்து வரணும் தம்பி. நாளாகும்." பிறகு மகளிடம், எட்டு நாளில் முதல் தடவையாக: "அம்மாடி, தம்பிக்கு டீ போடு."

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு க்ளினிக்கைப் பூட்டிவிட்டு அவன் வந்தான். முதல் வாரம் ஓரமாக நின்று பார்த்தான். இரண்டாம் வாரம் கோட்டைக் கழற்றினான். மூன்றாம் வாரம் அவள் பக்கத்திலேயே வண்டிக்கடியில் படுத்து, டார்ச் பிடித்தான்.

"கொஞ்சம் இடது பக்கம். அது வலது டாக்டர்!"

"பல் வைத்தியத்துல இடம் வலம் எப்பவும் எதிர்ப்பக்கம்தாங்க."

"இது பல்லு இல்ல, ஸ்ப்ரிங். விட்டா உங்க பல்லு போயிடும்."

"போனா போகட்டும். கட்டிக்கத் தெரியும் எனக்கு."

அவள் ஸ்பேனரை வைத்துவிட்டு முறைத்தாள். அவன் அவசரமாக, "பல்லைச் சொன்னேன்," என்றான். மேலே அப்பா சிரிப்பை இருமலாக்கிய சத்தம் கேட்டது.

வண்டி ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. பின்பம்பர் வந்து சேர்ந்தது. முன்பம்பர்தான் வரவில்லை. "என்னாச்சு, வந்துச்சா?" என்பான் தினமும் வாசலிலேயே. "இன்னும் இல்ல," என்பாள் அவள். அப்பா, "இவனுங்களை நம்பி வேலையை எடுத்தேன் பாரு," என்று அனுப்புகிறவர்களைத் திட்டுவார். பிறகு மூவரும் டீ குடிப்பார்கள். பழைய வண்டியில் ஓட்டுகிறவனின் திறமைக்கு மரியாதை, புதியதில் உட்காருகிறவனின் சொகுசுக்கு மரியாதை என்று அப்பா வாதாடுவார். அவன் இப்போது கறுப்பு மூக்குக் கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தான். "லாரின்னு சொன்ன வாய்தானே இது?" என்று அவள் கிண்டினால், "அந்த வாய்க்கு வைத்தியம் பாத்தாச்சு," என்பான்.

சனிக்கிழமை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கறுப்பு பம்பர் மாட்டியாகிவிட்டது! விளக்கு வெளிச்சத்தில், பாலேட்டு உடம்பும் கறுப்பு மூக்குமாக, யாருக்கும் பயப்படாத முகத்தோடு வண்டி நின்றது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "மத்தியானம் வந்துச்சுன்னு அம்மாடி கொண்டாந்து கொடுத்தா தம்பி. மாட்டிட்டேன். ஓட்டிட்டுப் போகலாம்," என்றார். அவன் முகத்தைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். "டீத்தூள் தீந்துபோச்சு," என்று, நிறைய டீத்தூள் இருந்த வீட்டிலிருந்து குடையோடு வெளியே போனார்.



"அழகா இருக்கு," என்றான். குரலில் சந்தோஷத்தைக் காணோம்.

"லாரி மாதிரி இல்லையே?"

"இல்ல..." சாவியைக் கையில் உருட்டினான். "உண்மையைச் சொல்லட்டுமா? இன்னைக்கும் வரலைன்னு சொல்லிடுவீங்கன்னு வேண்டிக்கிட்டே வந்தேன். வண்டி முடிஞ்சா நாளைக்கு ஆறு மணிக்கு நான் எங்க போறது? இதுல எதையாவது உடைச்சு எடுத்துட்டு வரலாமான்னு கூட யோசிச்சேன். உங்க அப்பா வேலையை உடைக்க மனசு வரல." நிமிர்ந்தான். இமையில் அதே மழைத்துளிகள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வண்டி இல்லாமலும் வரலாமா?"

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். முகம் காது வரை சிவந்திருந்தது. ஆனால் கண்கள் அவன் கண்களை விட்டு நகரவில்லை.

"அந்த முன்பம்பர் வந்து பதினோரு நாள் ஆச்சு டாக்டர்... என் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன்."